விஜயதசமி பில்ட்

மூன்று இருபதுக்கு சுகந்தி கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அந்தப் பக்கம் யாராவது போயிருந்தால், மதியச் சாப்பாடு கண்ணைச் சுழற்றுகிறது போல, வயசும் நாற்பத்து மூன்றாகிறதே என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். சாப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம். டிபன் பாக்ஸில் தக்காளி சாதம் காலையில் அமுக்கி வைத்தபடியே இருக்கிறது. திரையில் நாற்பத்தோராயிரம் வரி லாக் விரிந்து கிடந்தது. மூலையில் பில்ட் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. லிஃப்டை ஓட்டும் மென்பொருளைக் கட்டி, அதைச் சோதித்து, செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைப்பது அதன் வேலை. அந்த எழுத்துக்குத்தான் லாக் என்று பெயர். மனுஷர்கள் யாரும் அதை உட்கார்ந்து படிப்பதில்லை, படித்தால் கண் அவிந்துவிடும். அதற்காகவே ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வைத்தாள். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் அது பார்க்கும். ஃபெயில் என்று ஆரம்பித்தால் அந்த வரியை எடுத்துத் தனியாக வைக்கும். கடைசியில் தனியாக வைத்தது ஏதாவது இருந்தால் சுவரிலிருக்கும் விளக்கு சிவப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் பச்சை. ஒன்றும் இல்லாவிட்டால் பச்சை. முப்பது நாளாகப் பச்சை. மேனேஜர் பார்த்துவரச் சொன்னாரே, இன்று நாலேகால் மீட்டிங்குக்கு ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கலாமென்று, இத்தனை வருஷத்தில் மூன்றாவதோ நான்காவதோ தடவையாக, லாகை நேராகவே திறந்தாள். ஒவ்வொரு வரியும் மணியில் ஆரம்பித்தது. பத்து முப்பத்தொன்று, இத்தனை நொடி, ஒரு இடைவெளி, பிறகுதான் சொல். பார்க்க அடுக்காக, நன்றாகத்தான் இருந்தது. ஓர் அரை நிமிஷம் அதைப் பாராட்டிக்கூட உட்கார்ந்திருந்தாள் மகராசி. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. முதல் சொல் இப்போது மணி. ஃபெயில் இருந்தாலும் அது இரண்டாவது சொல். இரண்டாவது சொல்லைப் பார்க்கும்படி ஸ்கிரிப்டுக்கு அவள் சொல்லியிருக்கவில்லை.

தேடிப் பார்த்தாள். ஃபெயில் நான்கு இடத்தில் இருந்தது. மூன்று உப்புச்சப்பில்லாதவை, விளக்கின் நிறம், மாடி எண்ணின் எழுத்து, அந்த மாதிரி. நான்காவது, முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி. மூடும் கதவுக்கு நடுவே ஏதாவது குறுக்கே வந்தால் கதவு திரும்பத் திறக்க வேண்டும். அறுபது முறை பார்த்ததில் ஐம்பத்தொன்பது முறை திறந்தது என்று அந்த வரி சொன்னது. வரி சத்தம் போடவில்லை, சிவப்பாகவும் இல்லை, மற்ற வரிகளைப் போலவே கறுப்பில், வரிசையில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏனென்றால் கை கீபோர்டில் இருந்தால் எதையாவது செய்துவிடும். செய்யாமலிருந்தால் போதும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, அவள் கேட்காமலே. ரிலீஸுக்குப் போன பில்டின் லாக் முப்பது நாள்தான் இருக்கும். முப்பதாம் நாள் நாலு மணிக்கு மெஷின் தானாகவே அதைத் துடைத்துவிடும். இடம் அடைகிறது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் அவளேதான். வேறு எங்கும் நகல் கிடையாது. அந்தக் கதவுச் சோதனை மட்டும் ஐந்து மணி நேரம் ஓடுவது, அதனால் ரிலீஸ் பில்டில் மட்டும்தான் ஓடும், தினசரி பில்டில் கிடையாது. ஆக உலகத்தில் அந்த வரி இருக்கும் ஒரே இடம் இது. நாலு மணிக்கு அதுவும் இருக்காது. யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், நாற்பது நிமிஷம். அது என்ன பெரிய பாவமா, உட்கார்ந்திருப்பது?

மழை பிடித்துவிட்டது. சரவணம்பட்டி ரோட்டில் பஸ் ஹாரன் நனைந்து கேட்டது. ஏ.சி. காற்று கழுத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. பத்து வருஷமாக அதே இடத்தில்தான் விழுகிறது, அதே இடத்தில்தான் வலிக்கிறது. பில்ட் மெஷினின் நெற்றியில் சந்தனம் காய்ந்து பொருக்காக நின்றது, குங்குமம் பாதி உதிர்ந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வைத்தது. எல்லா ஆபீஸிலும் பொட்டு வைப்பார்கள். இந்த டீமில் அதற்கும் மேலே ஒரு வழக்கம், சுகந்தி கொண்டுவந்ததுதான். பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவுகிறோமே, மெஷினையும் கழுவ வேண்டாமா என்று ஒரு வருஷம் விளையாட்டாகச் சொன்னாள். ஈரத்துணியால் வெளியே துடைத்துவிட்டு, உள்ளேயும் சுத்தம் என்று, மெஷினோடு ஒட்டி ஓடும் குட்டி மென்பொருள்களை, வருஷம் பூராவும் யாரும் தொடப் பயந்த ப்ளக்இன்களையெல்லாம் ஒரே அமுக்கில் அப்டேட் செய்வது. பிறகு மெஷினை அணைத்து, பொட்டு வைத்து, சாமந்திச் சரம் போட்டு, மறுநாள் முழுக்க அதற்கு லீவு. விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து புது வெர்ஷனின் ரிலீஸ் பில்டை ஆரம்பிப்பது. பிள்ளைக்கு நெல்லில் எழுதக் கற்றுக்கொடுக்கிற நாளில்லையா. இந்த வருஷமும் அப்படித்தான். இருபத்தாறு ப்ளக்இன்கள் அப்டேட்டுக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்க வேண்டும். யார் படிப்பார்கள்? பொரிகடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பூசணிக்காய் வாங்கிவர ஆள் போயிருந்தது, அவள் கையில் மஞ்சள். மஞ்சள் படாமல் மோதிர விரலால் அமுக்கினாள். அது ஞாபகம் இருக்கிறது. இருபத்தாறில் ஏதோ ஒன்று, லாகின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணி போடுவதை இனி வழக்கமாக்கிவிட்டோம் என்று தன் குறிப்பில் சொல்லியிருக்கிறது. பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை. சொல்லத்தான் செய்தது. விஜயதசமி அன்று பத்தரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்குப் பச்சை விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ரிலீஸ் பில்ட் முதல் தடவையிலேயே பச்சை விழுந்து அவர்கள் பார்த்ததில்லை. அம்பாள் அருள் என்று மேனேஜர் வரதராஜன் சொன்னார். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வெட்கக்கேடு.

ஒன்றும் இல்லாவிட்டால் பச்சை. ஸ்கிரிப்டில் அதைச் சொல்லும் இரண்டு வரியை எழுதிய நாளும் ஞாபகம் இருக்கிறது, வேண்டாமென்றாலும் வருகிறது. முதலில் அப்படி எழுதவில்லை. முதலில், பாஸ், ஃபெயில் என்று ஆரம்பிக்கும் வரி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால் சிவப்பு என்றுதான் எழுதியிருந்தாள். சரியாக எழுதத் தெரியாதவள் இல்லை அவள். மகள் நிவேதாவுக்குப் பொள்ளாச்சியில் காது குத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி, எல்லோரும் குழந்தைக்கு வாழைப்பழத்தைக் காட்டி வேடிக்கை காட்டுகிறார்கள், அப்போது போன். விளக்கு சிவப்பு, சுகந்தி, என்னன்னு பாருங்க. மண்டபத்துக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் மெஷினில் இடம் அடைந்து லாக் எழுதவே முடியாமல் போயிருந்தது. வெறும் லாக். குழந்தை வீறிட்டது காதில் விழுந்தது. இரண்டு காதும் குத்தி முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக, வெறும் லாகுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே என்ற கோபத்தில், அந்த இரண்டு வரியை மாற்றினாள். இடம் அடையாமலிருக்க முப்பது நாள் துடைப்பையும் அன்றைக்குத்தான் போட்டாள். ஒரு காது குத்தின் கோபம் ஒன்பது வருஷம் பத்திரமாக உள்ளே உட்கார்ந்திருந்தது. யார் கண்டார்கள்.

கண்டவன் ஒருவன் இருந்தான். ஃபெலிக்ஸ். டெஸ்டர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும், சர்ச்சில் பாடுகிறவன். பாட்டை ஆபீஸிலும் விடுவதில்லை. வாயை மூடிக்கொண்டே முனகுவான், முனகுவது அவனுக்கே தெரியாது. அவளுக்கு அந்த முனகல் ஆகாது. உண்மையைச் சொன்னால் அவனையே ஆகாது. எல்லாவற்றிலும் நொட்டை சொல்லுவான், அதையும் மரியாதையாகச் சொல்லுவான், அதுதான் இன்னும் எரிச்சல். பச்சை விழுந்து பதினோராம் நாள் அவள் சீட்டுக்கு வந்து நின்றான். “மேடம், நா ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்கிடாதீய. பதினோரு நாளா ஒரு ஃபெயில்கூட வரலயே. நம்ம ஆளுவ எழுதுற புரோகிராமுக்கு இது நடக்கக்கூடிய காரியமா?” அவள் சிரித்தாள். நம்ம ஆளுவ திருந்திட்டாங்கன்னு வச்சுக்கங்க என்றாள். அவன் சிரிக்கவில்லை. “ஒண்ணுமே வரலங்கறதும் ஒரு தகவல்தான மேடம். முழு லாக் ஒரு தடவ காட்டுனீங்கன்னா நானே படிச்சுருவேன்.” நாற்பத்தோராயிரம் வரியையா? ஆமா மேடம், சனி ஞாயிறு சும்மாத்தான இருக்கேன். முறைப்படி ஒரு ரிக்வெஸ்ட் போடுங்க ஃபெலிக்ஸ், பார்க்கிறேன் என்றாள். போட்டான். அது வந்து அவள் பெட்டியில் உட்கார்ந்தது. அவள் பார்க்கவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டாள், உண்மையில் வேலை அதிகமும்தான். ஆனால் ஒன்பது வருஷமாக ஓடும் என் ஸ்கிரிப்டை நேற்று வந்தவன் சந்தேகப்படுகிறானா என்ற ஒரு சின்ன முள், அது இல்லை என்று அவளால் சொல்ல முடியாது.

லாக் கிடைக்காத ஃபெலிக்ஸ் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாழைத்தண்டு வாங்கிவந்தான். கீழே சோதனைக்கென்று ஒரு லிஃப்ட் கதவு நிற்கிறது. மனுஷன் கைக்குக் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான் வரும் என்று தண்டை மூடும் கதவுக்கு நடுவே நீட்டி நீட்டி எடுத்தான், உட்கார்ந்து எண்ணிக்கொண்டு. எழுபத்தோராவது தடவை கதவு திறக்கவில்லை. நசுங்கிய தண்டை ஒரு தினசரித் தாளில் வைத்து மீட்டிங்குக்கே எடுத்துவந்துவிட்டான். தண்ணீர் கசிந்து தாள் நனைந்திருந்தது, நார் நாராக வெளியே வந்திருந்தது. ஒருவர் பொரியல் பண்ணிடலாமா என்றார். பாசிப்பருப்பு போட்டா நல்லாருக்கும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும். வரதராஜன்தான், “சுகந்தி, நம்ம ரிலீஸ் லாக்ல இந்தக் கதவு மேட்டர் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் போனில் அந்தப் பச்சை மெயிலைத் திறந்து, ஃபெயில் பூஜ்யம் என்ற கட்டத்தைப் பார்த்து, “லாக்ல ஒண்ணும் இல்லைங்க சார்” என்றாள். தண்டை நீட்டியவர் வாட்டமாக நீட்டியிருக்க மாட்டார், சோதனைக் கதவின் வயரிங்கும் பழசு என்று முடிவானது. அந்த வாரக் கடைசியில் ஃபெலிக்ஸை ஃபீல்டுக்கு மாற்றினார்கள். ஊர் ஊராகப் போய் லிஃப்டுகளில் புது வெர்ஷனை ஏற்றும் வேலை. அவன் எந்த வெர்ஷனை வேண்டாம் என்றானோ அதே வெர்ஷன். போகும்போது அவள் சீட்டுக்கு வந்து, போய்ட்டு வாரேன் மேடம் என்றான். தாளில் சுற்றிய தண்டை அவனே எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான்.

முந்தாநாள் கரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற அம்மா, மாரியாயி என்று பெயர், ஐம்பத்தொரு வயது. பின்னால் யாரோ நர்ஸ் ஓடிவருகிறாள் என்று மூடும் கதவுக்குள் கையை நீட்டியிருக்கிறாள். எல்லோரும் செய்வதுதான். சுகந்தியும் தினம் செய்வதுதான். கை நீட்டினால் கதவு திறக்கும் என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குத்தான் இந்த ஆபீஸில் நாற்பது பேர் சம்பளம் வாங்குகிறார்கள். கதவு திறக்கவில்லை. லிஃப்டும் நகர்ந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல். நார் நாராக என்ற சொல் எங்கிருந்தோ வந்தது. அவள் அதைத் தள்ளினாள், அது திரும்ப வந்தது, தாளில் கசிந்த தண்ணீரோடு வந்தது. சேர்ந்து சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. எழுந்து போய் வாந்தி எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். கையை ஊன்றித்தானே எழ வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீஸில் எழுதிக் கொடுத்ததில் வெர்ஷனை ஏற்றிப் போனவன் பெயர்தான் இருக்கிறது, ஃபெலிக்ஸ். காலையிலிருந்து ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாலேகாலுக்கு கம்பெனி பேசி, இது மென்பொருளின் தவறா, மாட்டியவனின் தவறா என்று எழுதிக் கொடுக்கும். மென்பொருளில் தவறில்லை என்றால் மாட்டியவன்தான். அந்தக் கதவில் சென்சார் வயரை அவன்தான் கழற்றிப் பூட்டியிருக்கிறான். மூன்று விரலுக்கு ஒரு ஆள் வேண்டும். அவளா, அவனா என்பதுதான் விஷயம். சுற்றி வளைத்து எப்படி யோசித்தாலும் அங்கேயே வந்து நின்றது.

மூன்று நாற்பத்தொன்று. இப்படி யோசி, சுகந்தி. ஸ்கிரிப்டைச் சரி செய்ய பத்து நிமிஷம் போதும். மீட்டிங் முடிந்து வந்ததும் சரி செய்துவிடு. நாளைக்குப் புதிதாக ஒரு ரிலீஸ் பில்ட் ஓட்டு, சிவப்பு விழும், அட இப்போது ஏதோ தெரிகிறதே என்று எல்லோரும் பார்ப்பார்கள், மென்பொருளைத் திருத்துவார்கள், அடுத்த வாரம் இந்த வெர்ஷன் ஏறியிருக்கும் அறுபத்து மூன்று லிஃப்டுக்கும் புது வெர்ஷன் போய்விடும். இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம். ஒரு வாரத்தில் எத்தனை பேர் கை நீட்டுவார்கள்? எழுபது தடவைக்கு ஒரு தடவை. கணக்குப் போடாதே. அவள் குடியிருக்கிற அபார்ட்மென்டில் இருப்பது வேறு கம்பெனி லிஃப்ட். அது நினைவுக்கு வந்ததும் நெஞ்சு ஒரு கணம் லேசானது, லேசானதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஃபெலிக்ஸுக்கு என்ன, கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வாரா? கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அந்த எழுத்தோடு அவனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? எனக்கு மட்டும் எங்கே கிடைக்கும்? பொள்ளாச்சியில் பி.எஸ்சி. படித்துவிட்டு, டேட்டா என்ட்ரிக்கு வந்து, இருபது வருஷத்தில் ஏறி வந்த படிகள் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் நின்றன. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து டிபார்ட்மென்டுக்கே அவள்தான் தலை. சுகந்தி பார்த்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு இந்த ஆபீஸில் உண்டு. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவளிடம் இருக்கும் சொத்து. அப்டேட் அமுக்கியது அவள். ஸ்கிரிப்ட் அவளுடையது. ரிக்வெஸ்டைக் கிடப்பில் போட்டதும் அவள். ஒரு வரியை இழுத்தால் மூன்றும் கூடவே வரும். மோதிர விரலில் மஞ்சள் இருப்பதுபோல் ஒரு பிரமை, மடியில் துடைத்தாள். இந்த லாகை இழுத்துத் தன் டிரைவில் போட இரண்டு நொடி. இழுத்துப் போடு, பிறகு யோசி. போட்டு வைத்துக்கொள்வது சொல்வது ஆகாதே. ஆனால் போட்டு வைத்தால் இருக்கும். இருந்தால் அவள் சாகும்வரை இருக்கும்.

வலது கை மடியிலிருந்து எழும்பியது, மவுஸ் வரைக்கும் வந்தது. அப்போது போன் அதிர்ந்தது. நிவேதா. “அம்மா, நான் டியூஷனுக்கு நேரா போயிரட்டுமா, வீட்டுக்கு வந்துட்டுப் போகணுமா? மழை செமையா பெய்யுது.” நேரா போயிரு கண்ணு. “குடை எடுக்கலம்மா. அம்மா, நீ அழறியா?” ஜலதோஷம்டி. “ஆவி பிடி. மறந்துராத.” வைத்துவிட்டாள். அந்தக் காதில்தான் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருக்கும், இரண்டு துளையும் ஒன்றுபோல் விழுந்த காது. மகளிடம் எதைச் சொல்லி வளர்த்தோம் என்று ஒரு யோசனை வாலை நீட்டியது. அதை அவள் பிடிக்கவில்லை. மணி மூன்று ஐம்பத்து நான்கு. இன்னும் ஆறு நிமிஷம் தாராளமாக இருந்தது. போன் வந்து கெடுத்துவிட்டது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட முடியாதபடி, முழுசாக ஆறு நிமிஷம். கை திரும்ப மடிக்குப் போயிருந்தது. சொல்லிவிடலாம். நாலேகாலுக்கு எல்லோர் முன்னாலும், லாக்ல இருக்குங்க சார், முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி, ஃபெலிக்ஸ் சொன்னதுதான் சரி என்று. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எத்தனை சின்ன வாக்கியம். சொன்னால் வரதராஜன் முகம் எப்படிப் போகும், ஒரு நாற்காலி எப்படிப் பின்னால் நகரும், யார் முதலில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள் என்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ஸ்டேஷன் வராந்தாவில் தானே உட்கார்ந்திருப்பது தெரிந்தது, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு. பயம் என்றால் இதுதான் என்று நினைத்தாள். பேய் பயம், நாய் பயமெல்லாம் பயமே இல்லை. மூன்று ஐம்பத்தேழு. திரையில் அந்த வரி அப்படியே நின்றது. அதற்கு அவசரமே இல்லை.

நாலு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதாவது சத்தம் எதுவும் கேட்கவில்லை. பக்கவாட்டுப் பட்டியலில் விஜயதசமித் தேதி போட்ட பெயர் இருந்த இடத்தில் அடுத்த பெயர் மேலேறி வந்து நின்றது. முடிந்தது என்று மூச்சை விட்டாள். அப்போது திரைக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அவள் லாகைத் திறந்து வைத்திருந்தாள் அல்லவா, கோப்பைத் திறந்து காட்டும் எடிட்டருக்கு அந்த வழக்கம் உண்டு. நீங்கள் திறந்து வைத்திருக்கும் இந்தக் கோப்பு இப்போது அங்கே இல்லை. உங்களிடம் உள்ளதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. ஆம். இல்லை. பெட்டிக்குப் பின்னால் நாற்பத்தோராயிரம் வரியும் அப்படியே இருந்தன, நான்காவது ஃபெயிலும் இருந்தது. நாற்பது நிமிஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம், சும்மா இருந்தால் செல்லாது, வாயைத் திறந்து சொல்லு என்று ஒரு அற்ப மென்பொருள் கேட்கிறது. இன்று காலையிலிருந்து யாரும் அவளிடம் இத்தனை நேராகக் கேட்கவில்லை. கோபம் வந்தது. அந்த ஆம் என்ற கட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். வெகுநேரம் என்றால் பன்னிரண்டு நொடி இருக்கும். பிறகு மடியிலிருந்து கையை எடுத்து, இல்லை என்பதை அமுக்கினாள். மோதிர விரலால் அமுக்கினாள், ஏனென்று அவளுக்கே தெரியாது. எடிட்டர் வெள்ளையாகிவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போனாள்.

மேசைக்கு நடுவே ஸ்பீக்கர் போன் இருந்தது. அதிலிருந்து கரூர் மழை கேட்டது, யாரோ மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம், ஒரு வயர்லெஸின் கரகரப்பு. எல்லோரும் வரும்வரை ஃபெலிக்ஸ் லைனில் காத்திருந்தான். முனகல் வருகிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வரவில்லை. வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மனுஷர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“ஃபெலிக்ஸ், சாப்டீங்களா?”

“ஆச்சு சார். இங்கயே பொட்டலம் வாங்கிக் குடுத்தாங்க.”

“சரிங்க. நீங்க அப்பவே கதவு மேட்டர் சொன்னீங்க, நான் மறுக்கல. அதனாலதான் இன்னிக்கி மறுபடி லாகை எடுத்துப் பாக்கச் சொன்னேன். சுகந்தி, பாத்தீங்களா? ரிலீஸ் லாக்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?”

எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு பச்சையாக எரிந்தது. வாய்க்குள் சொல்லிப் பார்த்த அந்தச் சின்ன வாக்கியம் நாக்கு வரை வந்து, அங்கேயே கரைந்தது. கடைசி நொடிவரை அவள் வேறு மாதிரி சொல்லிவிடுவாள் என்றுதான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“லாக்ல ஒண்ணும் இல்லைங்க சார்.”



“மேடம்,” என்றான் ஃபெலிக்ஸ். “ஸ்கிரிப்ட் பாத்துச் சொன்னதா மேடம், இல்ல நீங்களே உக்காந்து பாத்தீயளா?”

“நானே பாத்தேன் ஃபெலிக்ஸ். முழுசா.”

“அப்ப சரி மேடம்.” அவன் குரல் உடையவில்லை, சண்டைக்கும் வரவில்லை, வெகுநாள் யோசித்த கணக்குக்கு விடை கிடைத்தவன்போல் தாழ்ந்துவிட்டது. “நீங்களே பாத்துட்டு இல்லன்னா அப்ப இல்லதான். ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன். அப்ப அந்த வயர நாந்தான் எங்கயோ தப்பாப் பூட்டிருக்கேன். அந்தக்கா வெரலு என்னாலதான் போயிருக்கு.”

வரதராஜன் கையை நீட்டி போனின் சத்தத்தைக் குறைத்தார். மேசைக்கு அடியில், சுகந்தியின் மடியில், இரண்டு கைகளும் பத்து விரலும் பத்திரமாக இருந்தன.